வளவு எங்கள் ஊருடையது, முகம் மட்டும் ஏன் வெளியூர்?

கானாடுகாத்தான் பொண்ணு:
போன வாரம் எங்கள் ஊர் வீடு ஒன்றின் வளவில், அதாவது உள் முற்றத்தில், நகை விளம்பர வீடியோ எடுத்தார்கள். மேக்கப் உதவிக்குப் போயிருந்தேன். ஆத்தங்குடித் தளம், பர்மா தேக்குத் தூண், காரைக்குடிக் கண்டாங்கிப் புடவை, எல்லாம் நம்ம செட்டிநாட்டு அடையாளம். நடுவில் நின்ற மூன்று பேரும் மும்பையிலிருந்து வந்த சிவந்த மாடல்கள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியைக் கோலம் போட வைத்தார்கள். படத்தில் அவள் கை மட்டும்தான் தெரியும். அந்தக் கைக்கும் இரண்டு ஷேடு தூக்கலாக பவுண்டேஷன் போடச் சொன்னார்கள். சாம்பல் பூசின மாதிரி இருந்தது. மனசு ஆறவில்லை.

கண்டாங்கிக் கடைக்காரர்:
தங்கச்சி, வருத்தம் புரிகிறது. ஆனால் போட்ட காசு திரும்பணுமே. நெசவாளர் வீட்டுப் பெண்ணை வைத்து நானே ஒரு வீடியோ எடுத்தேன். பாராட்டு குவிந்தது, ஆர்டர் வரவில்லை. அரக்குக் கலர் அந்த நிறத்தில் எடுபடவே இல்லை. 2019-இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்புறமும் தறிக்காரருக்குக் கூலி கொடுக்க விற்றால்தானே முடியும்?

கேமராக்காரன்:
அண்ணே, எங்கே நிற்க வைத்து எடுத்தீர்கள்? வளவில், வெள்ளைச் சுவருக்கு முன்னால்தானே? ஆட்டோ மோடில் விட்டால் கேமரா அந்தப் பளீர்ச் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகமும் புடவையும் சேர்ந்து இருண்டு போகும். சுவரை விட்டு நாலடி முன்னால் நிறுத்தி, முகத்து வெளிச்சத்துக்குக் கேமராவில் அளவு வைத்து, வெளிச்சத்தைத் திருப்பிவிடப் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பிடித்துப் பாருங்கள். கன்னத்தில் ஒளி வழுக்கி நிற்கும். கறுத்த கழுத்தில் தங்கம் தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது.

தேவகோட்டை வாசகர்:
இதெல்லாம் பழைய சண்டை. கறுப்பைத் தாழ்த்தக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014-லேயே விதி போட்டது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி பெயரே மாறிப்போச்சு. இன்னும் என்ன வேண்டும்?

கானாடுகாத்தான் பொண்ணு:
அந்த விதி சிவப்பழகு கிரீம் மாதிரி சரக்குகளுக்குப் போட்டது ஐயா. இங்கே யாரும் கறுப்பை வாய்விட்டுத் தாழ்த்தவில்லை. கூப்பிடுவதே இல்லை. எங்கள் தெருவில் கல்யாணத்துக்கு நகை வாங்குகிற முக்கால்வாசிப் பெண்கள் என் நிறம்தான். காசு கொடுக்கிறவள் முகத்தை விளம்பரத்தில் காட்ட என்ன தயக்கம்?

கண்டாங்கிக் கடைக்காரர்:
ஒரு வீடியோ சரியாக எடுத்தால் ஊர் ரசனை மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் வெளிச்சத்தில் தப்பு செய்தது நான்தான் போலிருக்கிறது. அடுத்த வாரம் அதே அரக்குப் புடவையை ஒரு மும்பை மாடலுக்கும் நம்ம ஊர்ப் பெண் ஒருத்திக்கும் கட்டி எடுக்கலாம். தம்பி வந்து லைட் வைக்கட்டும். எது விற்கிறதோ அதைத்தான் தொடருவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

கானாடுகாத்தான் பொண்ணு:
சரி அண்ணே. கோலம் போட்ட பொண்ணைக் கூட்டி வருகிறேன். கொசுவத்தைப் பின்பக்கம் வைக்கிற பின்கொசுவக் கட்டு நானே கட்டிவிடுகிறேன். மும்பைப் பெண்ணுக்கு என்ன சம்பளமோ அதையே இவளுக்கும் கொடுக்கணும்.