முதுகுவலிக்கான ஊன மதிப்பீட்டை உயர்த்தக் கோருவது பற்றி அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ராணுவத்தில் 8 ஆண்டுகள் பணியாற்றி விலகிய எனக்கு, கீழ்முதுகு டிஸ்க் தேய்மானத்துக்காக அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை (VA) 20 சதவீத ஊன மதிப்பீடு (மாத இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கும் சதவீதம்) வழங்கியுள்ளது. முன்னால் குனியும் அளவு 30 டிகிரிக்கு மேல் 60-க்குள் இருந்தால் 20 சதவீதம், 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் 40 சதவீதம் என்பது விதி. பரிசோதனையன்று காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போனதால் (என் முட்டாள்தனம்தான்) கோணமானி 50 டிகிரி காட்டியது. ஆனால் வலி முற்றும் நாட்களில் ஷூ லேஸைக்கூட என் மகள்தான் கட்டிவிடுகிறாள். அந்த நாட்களில் எவ்வளவு குனிய முடிகிறது என்று பரிசோதித்தவர் கேட்கவும் இல்லை, அறிக்கையில் எழுதவும் இல்லை.

முடிவுக் கடிதம் வந்து 9 மாதங்கள் ஆகிவிட்டன. ஓராண்டுக்குள் மறுபரிசீலனை கோரினால்தான் பழைய தேதியிலிருந்து இழப்பீட்டு நிலுவை கிடைக்க வழியுண்டு. புதிய சான்றுகளோடு துணைக் கோரிக்கை அனுப்புவதா, புதிய சான்று எதையும் ஏற்காத உயர்நிலை மறுஆய்வைக் கேட்பதா என்பதில்தான் குழம்பி நிற்கிறேன். இடது காலில் இறங்கும் நரம்பு வலிக்குத் தனி மதிப்பீடு கோரலாம் என்பதால், அதற்கு நீங்கள் எந்த மருத்துவ அறிக்கையை இணைத்தீர்கள் என்பதையும், வலி நாட்குறிப்பும் மனைவியின் எழுத்துமூல வாக்குமூலமும் உங்களுக்குக் கைகொடுத்தனவா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.