ரெண்டாவது சிசேரியன், நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழ இறங்கியிருக்காம், எங்க பாக்கலாம்?

மண்டபம்காரி: தங்கச்சிக்கு 30 வாரம். மொத பிள்ளையும் சிசேரியன். இப்ப நஞ்சு கர்ப்பப்பை வாய மூடிருக்காம், மாமியார் பக்கத்து ஆஸ்பத்திரிலயே பாத்துக்கலாம்ங்கறாங்க. ரத்தம் ஓ நெகட்டிவ் வேற.

தொண்டி நர்ஸ்: மாமியார் பேச்ச விடுங்க. நஞ்சு பழைய தையல்ல ஒட்டியிருக்கான்னு கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்த காட்டுற ஸ்கேன்) பாருங்க, ஒட்டியிருந்தா மதுரை ராஜாஜி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிதான், அங்க வலி வர்றதுக்கு முன்னாடியே 34-36 வாரத்துல தேதி குறிச்சு ரத்தம் க்ராஸ்மேட்ச் பண்ணி (அவங்க ரத்தத்தோட சேருதான்னு பாத்து) வச்சுட்டுத்தான் தியேட்டருக்கே கொண்டுபோவாங்க, நஞ்ச பிச்சு இழுத்தா ரத்தம் நிக்காது, அதனால சிலருக்கு கர்ப்பப்பையோட எடுக்க வேண்டிவரும், அதையும் இப்பவே டாக்டர்ட்ட கேட்டுக்கங்க. நெகட்டிவ் ரத்தக்காரங்களுக்கு போடுற ஆன்டி-டி ஊசி 28 வாரத்துல போட்டாங்களா?

மண்டபம்காரி: போட்டாச்சு அக்கா.

கீழக்கரை: ஓ நெகட்டிவ் டோனர இப்பவே பேசி வைங்க. வலியே இல்லாம ரத்தம் பட்டாலும் உடனே 108. கடைசி வாரங்கள்ல மதுரைலயே தங்க வச்சிருங்க.