இமாடினிப் போட்டுக்கொண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போவது எப்படி?

கேள்வி: மழைக்குருவி
அண்ணனுக்கு வயது 34. சிஎம்எல் (ஒருவகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்) என்று தெரிந்து நாலு மாதம் ஆகிறது. அதற்கான மாத்திரை இமாடினிப், தினம் 400 மி.கி. மூன்றாம் மாத பிசிஆர் (ரத்தத்தில் நோயின் ஜீன் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சோதனை) 8%. ரத்த அணுக்கள் சரியாகிவிட்டன. ஆனால் மாத்திரை போட்டதும் குமட்டுகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது, காலையில் கண்ணிமை வீங்கியிருக்கிறது. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். போன மாதம் நாலு நாள் மாத்திரை விட்டுப்போனது. "அணுக்கள்தான் சரியாயிடுச்சே" என்கிறார். வேலையை விடச் சொல்லலாமா?

ஆற்றுமணல்:
வேலையை விட வேண்டாம், மாத்திரை நேரத்தை மாற்றினால் போதும். இரண்டு ஷிஃப்டிலும் அவர் விழித்திருந்து வயிறாரச் சாப்பிடும் வேளை எது என்று பாருங்கள். பகல் வேலை முடிந்து வந்தபின், இரவு வேலைக்குக் கிளம்புமுன் என மாலை 7 மணி பெரும்பாலும் ஒத்துவரும். பாதிச் சாப்பாட்டில் மாத்திரை, கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், பிறகு மீதிச் சாப்பாடு. உடனே படுக்கக் கூடாது. வெறும் வயிறும் குறைந்த தண்ணீரும் குமட்டலைக் கூட்டும். விழுங்கச் சிரமமென்றால் 400 மி.கி. மாத்திரையை 200 மி.லி. தண்ணீரில் போட்டுக் கலக்கி, கரைந்தவுடன் குடிக்கலாம்.

மறந்தது அன்றைக்கே நினைவுக்கு வந்தால் சாப்பாட்டோடு போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. வாந்தியில் வெளியே வந்தாலும் அன்று மறுபடி வேண்டாம்.

அணுக்கள் சில வாரங்களிலேயே சரியாகிவிடும். ஆனால் நோயை உண்டாக்கும் BCR-ABL ஜீன் இன்னும் இருக்கிறது, அதைத்தான் பிசிஆர் (PCR) சோதனை எண்ணிக் காட்டுகிறது. மாதத்தில் மூன்று நாள் விட்டாலே பத்தில் ஒரு பங்கு மருந்து போச்சு. அதற்கு மேல் விடுகிறவர்களுக்கு பிசிஆரில் 0.1% என்ற இலக்கை எட்டுவது வெகுவாகக் குறைகிறது. நாலு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை, தயவுசெய்து அண்ணனிடம் சொல்லுங்கள்.

நாள்குறிப்பு:
8% கவலைப்படும் எண் அல்ல. மூன்றாம் மாதம் 10%, ஆறாம் மாதம் 1%, பன்னிரண்டாம் மாதம் 0.1%, இவற்றுக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே ஆய்வகத்தில், சர்வதேச அளவுகோலில் எடுங்கள். ஆய்வகம் மாறினால் எண்ணில் கொஞ்சம் வித்தியாசம் வரலாம்.

கால் பிடிப்புக்கு முதலில் மெக்னீசியம், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பேட் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் ஈடுசெய்வார்கள். படுக்குமுன் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டி இழுப்பதும் உதவும். இமை வீக்கத்துக்கு உப்பைக் குறைத்து, தலையணையைச் சற்று உயர்த்தலாம். எடை சட்டென்று ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பம்பளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் வேண்டாம். மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். எந்தப் புதிய மாத்திரையோ மூலிகையோ என்றாலும் கேட்டபின்தான். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளும் அப்படித்தான்.

மழைக்குருவி:
நன்றி. இது ஆயுள் முழுக்கவா?

நாள்குறிப்பு:
எல்லோருக்கும் இல்லை. குறைந்தது மூன்று வருடம் மருந்து, அதில் இரண்டு வருடமாவது 0.01% அல்லது அதற்கும் கீழே நிலையாக இருந்தால், மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்திப் பார்ப்பதுண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப எண் ஏறும், பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அதனால் அந்த ஆறு மாதமும் மாதாமாதம் பிசிஆர். ஏறினால் மறுபடி மருந்து. அநேகமாக எல்லோருக்கும் அது திரும்பவும் பலன் தருகிறது. தானாக நிறுத்துவது மட்டும் கூடாது.