"கம்பெனிக்கு ஒரு கட்டிங்": விடுதிப் பையன்களிடம் எப்படிப் பேசுவது?

வேம்பு:
பொறியியல் கல்லூரி விடுதியில் முதலாமாண்டுப் பையன்கள் 60 பேரிடம் குடியைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். உடம்பு கெடும் என்பது அவர்களுக்கே தெரியும். குடிக்காவிட்டால் செட்டில் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து கிளாஸைப் பிடிக்கிறவனுக்கு என்ன சொல்லலாம்?

அளவுகோல்:
முதலில் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். குவாட்டர் 180 மி.லி., அதில் 42.8% ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே உலக சுகாதார நிறுவனம் அதை மிதமிஞ்சிய குடி என்கிறது. ஆக, "ஒரு குவாட்டர்தானே" என்பதே அந்தக் கோடுதான். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். மோர், எலுமிச்சை, காபி எதுவும் அதை வேகப்படுத்தாது. ராத்திரி அடித்தது காலையில் பைக் எடுக்கும்போதும் ரத்தத்தில் மிச்சமிருக்கலாம்.

நிழல்மரம்:
பயத்துக்கு மருந்து வேறு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் உளவியலாளர்கள் பிரென்டிஸும் மில்லரும் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். குடி விஷயத்தில் தனக்குத்தான் தயக்கம், மற்றவர்களுக்கு இல்லை என்றே பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். பெயர் எழுதாத சீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தக் குடி உனக்கு எவ்வளவு சம்மதம்? மற்றவர்களுக்கு எவ்வளவு இருக்கும்? 0 முதல் 10 வரை மதிப்பெண். இரண்டு சராசரியையும் பலகையில் எழுதினால், தயக்கம் தனக்கு மட்டுமில்லை என்று அவர்களுக்கே தெரியும், பேச்சே வேண்டாம். ஆனால் முந்தின நாளே வாங்கி எண்ணிவிடுங்கள். முதல் சராசரியே உயர்ந்திருந்தால் பலகையில் எழுதாதீர்கள், குடிக்காதவன் இன்னும் ஒடுங்கிப்போவான்.

இன்னொன்று, பங்குக் காசு. சரக்குக்கும் சைடிஷுக்கும் சேர்த்துப் பங்கு போட்டால், கொடுத்த காசுக்காகவே குடிப்பான். "சைடிஷ் பங்கு மட்டும் என்னுது" என்று முதலிலேயே சொல்லப் பழக்குங்கள். கையில் சோடா கிளாஸ் இருக்கட்டும். வெறுங்கையைப் பார்த்தால்தான் ஊற்ற வருவார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்ற சாக்கு ஒரு வாரம்கூட ஓடாது.

இரவுப்பணி:
மட்டையானவனைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். "தூங்கட்டும்" என்று கதவைச் சாத்துவதில்தான் உயிர் போகிறது. வயிற்றில் உள்ளது இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் முழங்காலை மடக்கி, ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். கிள்ளினாலும் அசையாவிட்டால், நிமிடத்துக்கு 8 மூச்சுக்குக் குறைந்தால், மூச்சுக்கு மூச்சு 10 விநாடி இடைவெளி விழுந்தால், உதடு நீலமானால், வலிப்பு வந்தால், இதில் ஒன்று போதும், உடனே 108. தொண்டையில் விரல் விடுவது, உப்புத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் கூடாது.

வேம்பு:
வார்டனுக்குப் பயந்து 108ஐக் கூப்பிட மாட்டார்களே?

இரவுப்பணி:
கூப்பிட்டவர் மேலும் படுத்தவர் மேலும் நடவடிக்கை கிடையாது என்று வார்டன் கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை ராத்திரி 1 மணிக்கு எவனும் நம்ப மாட்டான். கீழே 14416 எண்ணையும் எழுதுங்கள், டெலிமானஸ் மனநல உதவி, தமிழிலும் பேசலாம்.