பிளாட்டர்ஸ் பாடினதெல்லாம் ராக் அண்ட் ரோலா?

ரிக்கார்டு ராசு:
ராக் அண்ட் ரோல் முன்னோடிகள்னு யார் பட்டியல் போட்டாலும், 1950கள்ல கலக்கின அமெரிக்கக் கறுப்பினப் பாட்டுக் குழு பிளாட்டர்ஸ் பேரு வந்துடுது. எனக்கு ஒப்பலை. அமெரிக்காவுல முதலிடம் பிடிச்ச அவங்க பாட்டு நாலு. ‘மை பிரேயர்’ 1939ல வந்தது. ‘ட்விலைட் டைம்’ 1944. ‘ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்’ 1933ல ஒரு மேடை நாடகத்துக்கு ஜெரோம் கெர்ன் போட்ட மெட்டு. ‘தி கிரேட் பிரிட்டெண்டர்’ மட்டும்தான் புதுசு. அப்பா அம்மா கேட்ட பாட்டைத் தூசி தட்டிப் பாடினா அது எப்படிங்க ராக்?

மாடிவீட்டு ரேடியோ:
பழைய பாட்டுன்னா தள்ளிடணுமா? ‘புளூ மூன்’ 1934ல வந்த பாட்டு. மார்செல்ஸ் குழு 1961ல பாடினதை ராக் இல்லைன்னு யாராவது சொல்றாங்களா?

ரிக்கார்டு ராசு:
மார்செல்ஸ் அந்தப் பாட்டைப் பிரிச்சு மேஞ்சாங்க சார். இவங்க வயலினைச் சேர்த்து மெருகேத்தினாங்க. ரெண்டும் ஒண்ணா?

வேலூர் வாணி:
ஹிட் வரிசையை மட்டும் பார்த்துப் பேசாம பிளாட்டர்ஸோட ‘ஒன்லி யூ’வை ஹெட்போன்ல கேளுங்க. அடியில பியானோ ஒவ்வொரு தட்டையும் தகிட தகிடன்னு மூணாப் பிரிச்சுக்கிட்டே போகும். மேல அவங்க முதன்மைப் பாடகர் டோனி வில்லியம்ஸ் ‘ஒன்லி’ன்னு எடுக்கும்போது குரல் விக்கல் மாதிரி ஒரு துள்ளு துள்ளி மேல போகும். 1939 பாடகர் யாரும் அப்படிப் பாடியிருக்க மாட்டாங்க.

இதே பாட்டை 1954ல ஃபெடரல் ரிக்கார்டு கம்பெனிக்கும் பாடியிருக்காங்க. கம்பெனிக்காரங்க வெளியிடாம வெச்சுட்டாங்க. அப்புறம் மெர்குரி கம்பெனி பெங்குவின்ஸ் குழுவைக் கேட்டு வந்தப்போ, ரெண்டு குழுவுக்கும் மேனேஜரா இருந்த பக் ராம் “பிளாட்டர்ஸையும் சேர்த்து எடுத்துக்கணும்”னு நின்னார். இலவச இணைப்பா உள்ள போனவங்கதான் கடைசியில கம்பெனிக்குக் காசு கொட்டினாங்க! 1955ல மெர்குரி பதிவு ஓடினதும் ஃபெடரல்காரங்க பழைய டேப்பைத் தேடி எடுத்து வித்தாங்க.

மாடிவீட்டு ரேடியோ:
வாணி சொன்னதோட இதையும் சேர்த்துக்கணும். அந்தக் காலத்துல கறுப்பினக் குழு ஒரு பாட்டு போட்டா, உடனே வெள்ளைக்காரக் குழு ஒண்ணு அதையே பாடி அதிகமா வித்துடும். ‘ஒன்லி யூ’வை ஹில்டாப்பர்ஸ் பாடிப் பார்த்தாங்க. ஹிட் வரிசையில அவங்களுக்கு 8-வது இடம்தான், பிளாட்டர்ஸுக்கு 5. கேக்கிறவங்க அசலைத் தேடி வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. ராக் அண்ட் ரோல் செஞ்ச பெரிய வேலையே அதுதான்.

ரிக்கார்டு ராசு:
அது வியாபாரச் சரித்திரம், நான் மறுக்கலை. நான் பேசறது பாட்டைப் பத்தி. 1958ல ‘ட்விலைட் டைம்’ முதலிடம் வந்த சில மாசத்துல கோஸ்டர்ஸ் குழுவோட ‘யாக்கெட்டி யாக்’ முதலிடம் வந்துச்சு. குப்பையைக் கொட்டு, இல்லைன்னா காசு கிடையாதுன்னு வீட்டுல பையனை விரட்டுறதுதான் பாட்டே. நடுவுல கிங் கர்ட்டிஸ் சாக்ஸஃபோன் கொக்கரிக்கும். வயசுப் பசங்க வாழ்க்கை அதுல இருக்கு. பிளாட்டர்ஸ் பாட்டுல எங்க இருக்கு?

வேலூர் வாணி:
காதல்ல தோத்துட்டுச் சிரிச்சுக்கிட்டுத் திரியறது வயசுப் பசங்க வாழ்க்கை இல்லையா ராசு அண்ணே? ‘தி கிரேட் பிரிட்டெண்டர்’ முழுக்க அதானே! 1956ல வந்த ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ படத்துல அவங்க அதைப் பாடுற காட்சி இருக்கு, பாருங்க.

ரிக்கார்டு ராசு:
பார்த்திருக்கேன்மா. ராக் பாடகர் பில் ஹேலியோட வாத்தியக் குழு ஆளுங்க தரையில உருண்டு வாசிக்கிற படத்துல இவங்க கோட்டு கசங்காம நிப்பாங்க.

மாடிவீட்டு ரேடியோ:
கோட்டு கசங்கினாத்தான் ராக்னா, அது சலவைக்காரர் தீர்ப்பு சொல்ல வேண்டிய விஷயம் சார்.