1971 போரின் கப்பல் நினைவுகளைப் பதிவு செய்வதும் 76 வயதில் வரலாறு படிப்பதும்: இரண்டு கேள்வி

கண்டனூர்ப் பேத்தி:
எங்க ஐயாவுக்கு (அப்பாவோட அப்பா) 76 வயசு. பழைய எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு 1967-ல் நேவியில் சேர்ந்து, 15 வருஷம் இருந்துட்டு வந்தவர். 1971 பாகிஸ்தான் போரில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் பாய்லர் (நீராவிக் கொதிகலன்) ரூமில் வேலை. இப்ப வரலாறு படிச்சே ஆகணும்னு நிற்கிறார். நேவி கொடுத்த ‘பட்டத்துக்கு இணை’ சான்றிதழ் இருக்கு, நேரா எம்.ஏ. சேரலாம் என்கிறார். சேர முடியுமா?

அடுத்தது, அவர் சொல்றதை எல்லாம் பதிவு பண்ணணும். சிலது உதைக்குது. “ஒரு பாய்லர் இல்லாமலே சண்டைக்குப் போனோம்” என்கிறார். பாகிஸ்தானோட காஜி நீர்மூழ்கி மூழ்கினதை நேரில் பார்த்த மாதிரியே சொல்கிறார். அன்னைக்கு விக்ராந்த் விசாகப்பட்டினத்திலேயே இல்லையாமே? அவர் மனசு நோகாம எப்படிச் சரிபார்க்கிறது?

தேவகோட்டை ரஸ்தா:
படிப்பை மட்டும் சொல்றேன். அந்தச் சான்றிதழை வைத்து எம்.ஏ. சேர முடியாது. மெட்ரிக் படித்து 15 ஆண்டு பணி முடித்தவர், பட்டம் கேட்கும் குரூப் சி அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் அதன் பொருள். வேலைக்கான சலுகை அது. பல்கலைக்கழகச் சேர்க்கைக்குச் செல்லாது. முன்னாள் படைவீரர் பலரும் பணம் கட்டிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. அந்தக் கால எஸ்.எஸ்.எல்.சி. 11 வருஷப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருஷம் பி.யூ.சி. இங்கே பிளஸ் டூ வந்ததே 1978-ல்தான். ஐயா பி.யூ.சி. படிக்காமல் கப்பலுக்குப் போனவர் என்றால் பி.ஏ. சேரவும் பிளஸ் டூ தகுதி இடிக்கும். நேர்வழி, என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) நடத்தும் மேல்நிலை. ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டு செல்லும், 9 தடவை எழுதலாம். ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டே போகலாம், 76 வயதுக்கு அதுதான் தோது. அதன்பின் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி இருக்கு. இக்னோவும் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இருக்கு, அங்கே பி.ஏ. குறைந்தது 3, அதிகம் 6 ஆண்டு. அசைன்மென்டைத் தேர்வுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், தவறினால் தேர்ச்சி கிடைக்காது.

சேரும் முன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டிஸ்சார்ஜ் புக், ஆதார் மூன்றிலும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நேவி ஆவணத்தில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், பள்ளியில் ஒற்றை எழுத்துதான் இருக்கும். விண்ணப்பம் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.

அப்புறம், தேர்வு மூன்று மணி நேரம். பாடத்தைவிட விரல்தான் சண்டித்தனம் பண்ணும். இப்பவே தினம் அரை மணி பேனா பிடித்து எழுதச் சொல்லுங்கள்.

கீழ்த்தளம்:
பாய்லர் விஷயத்தில் உங்க ஐயா சொல்வது சரி. விக்ராந்த்தின் பாய்லர் டிரம்களில் விரிசல் கண்டு, 1970 ஜூனில் பம்பாய் டாக்கில் போட்டார்கள். வெல்டிங்கில் சரிசெய்ய முடியாத விரிசல். 71 தொடக்கத்தில் சோதனை ஓட்டம் விட்டபோது அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு, முன்னோக்கி ஓட்டும்போது உந்துவிசிறியின் சுழற்சியை நிமிடத்துக்கு 120 என்று கட்டுப்படுத்தினார்கள். வேகம் மணிக்கு 14 கடல் மைலாக (நாட்) இறங்கியது. நான்கு பாய்லரில் மூன்றை வைத்துத்தான் போருக்குப் போனது. விமானத்தை எறியும் கேட்டபுல்ட்டுக்கும் நீராவிதான் என்பதால் இது சின்னக் குறை இல்லை. 400 என்ற எண்ணை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் “அழுத்தம் காட்டும் கேஜ் முள் எங்கே நிற்கும்?” என்று மட்டும் கேளுங்கள். அவரே சொன்னால் அதைவிடச் சாட்சி வேண்டாம்.

காஜி கதை வேறு. அது மூழ்கியது டிசம்பர் 3-4 நள்ளிரவில், விசாகப்பட்டினத்துக்கு வெளியே. விக்ராந்த்தை மெட்ராஸிலிருந்து முன்பே கிளப்பி அந்தமான் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அதன் பெயரில் பொய்யாக வயர்லெஸ் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது ராஜ்புத் என்ற இன்னொரு போர்க்கப்பல். டிசம்பர் 4 காலை விக்ராந்த்தின் சீ ஹாக் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. காஜி தேடி வந்தது இவர் கப்பலைத்தான். தன்னைத் தேடி வந்தவன் செத்த கதை, மெஸ்ஸில் (மாலுமிகள் சாப்பிட்டு இளைப்பாறும் இடம்) பத்துத் தடவை பேசியதும் சொந்தக் காட்சியாகிவிடும். அதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். “அதை உங்களுக்கு யார் சொன்னது, அப்போ எங்கே நின்னீங்க?” என்று கேளுங்கள். கப்பலுக்குள் செய்தி எப்படிப் பரவியது என்பதும் வரலாறுதான்.

பொதுவாகவே முதல் கேள்வி ‘எங்கே நின்றார்’ என்பதாக இருக்கட்டும். பாய்லர் ரூமில் நின்றவர் கடலைப் பார்த்திருக்க மாட்டார். அவர் பார்த்தது கேஜ் கண்ணாடியில் தண்ணீர் மட்டம், பர்னர் சுடர், பக்கத்தில் நின்றவன் முகம். “போர் எப்படி இருந்துச்சு?” என்றால் நாலு வரியில் முடித்துவிடுவார். “கேட்டபுல்ட் அடிச்சா கீழே என்ன கேட்கும்? வாட்ச் (பணிமுறை) முடிஞ்சு மேலே வந்ததும் முதலில் என்ன குடிப்பீங்க?” என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

தேதியைக் கேட்காதீர்கள், வாட்ச்சைக் கேளுங்கள். இரவு 8-12 ஃபர்ஸ்ட், 12-4 மிடில், 4-8 மார்னிங், 8-12 ஃபோர்நூன், 12-4 ஆஃப்டர்நூன், மாலை 4-6, 6-8 இரண்டும் டாக் வாட்ச். மாலையை இரண்டாக உடைத்ததால் ஒரு நாளைக்கு ஏழு வாட்ச். அதனால் ஒரே ஆளுக்கு தினமும் அதே நேரம் வராது. தேதி மறந்தவருக்கும் எந்த வாட்ச் என்பது மறக்காது. கடற்படை வயர்லெஸ் சிக்னல்களில் நேரம் ஜி.எம்.டி.யில் இருக்கும், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். மிடில் வாட்ச்சில் 4-ஆம் தேதி விடியற்காலை 2 மணிக்கு நடந்தது, காகிதத்தில் 3-ஆம் தேதி 20.30 என்று நிற்கும். இது தெரியாமல் ‘ஐயாவுக்கு ஒரு நாள் பிசகுது’ என்று எழுதிவிடாதீர்கள்.

பதக்கத்தையும் பாருங்கள். கிழக்குக் களம் என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு என்றால் பஸ்சிமி ஸ்டார். கூடவே சங்கிராம் மெடல் இருக்கும். 1972-ல் கொடுத்த சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் அப்போது பணியில் இருந்த எல்லாருக்கும் உண்டு, அதைப் போருக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். பிராசோ (பித்தளைப் பாலிஷ்) போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், பொறித்த எண்ணும் பெயரும் மழுங்கிவிடும்.

கண்டனூர்ப் பேத்தி:
ரொம்ப நன்றிண்ணே. முகப்புல உட்கார வச்சு போன்ல பத்து நிமிஷம் எடுத்துப் பார்த்தேன். ஒரே எதிரொலி, பாதி வார்த்தை புரியலை.

பழைய ஏடு:
முகப்பில் எடுத்தால் அப்படித்தான். ஆத்தங்குடிக் கல், வழவழச் சுண்ணாம்புச் சுவர், அந்த உயரத்துக் கூரை, மூன்றும் குரலைத் திருப்பி அடிக்கும். வளவில் (நடுமுற்றம்) புறாச் சத்தம் வேறு. வளவை ஒட்டிய உள் அறை ஒன்றில் மெத்தையைச் சுவரில் சாய்த்து, கீழே ஜமுக்காளம் விரித்து எடுங்கள். ஃபேனை நிறுத்தணும், அதனால் காலை ஏழு மணிக்குள் முடிக்கிற மாதிரி வையுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். மேசைமேல் நேராக வைத்தால் விரல் தட்டுவதெல்லாம் இடியாகக் கேட்கும். ஒரு அமர்வு 40 நிமிஷம் போதும். பாய்லர் ரூமில் வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தமாகவும் இருக்கும், எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் உட்காருங்கள்.

டிஸ்சார்ஜ் புக் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் முதலில் எடுத்துப் பூச்சி தட்டுங்கள். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பின்பக்கமும் சேர்த்துப் படம் எடுத்துவையுங்கள்.

கீழ்த்தளம்:
விட்டுப்போச்சு. எந்தெந்தக் கப்பலில் எப்போது இருந்தார் என்ற விவரத்துக்கு மும்பை மாங்குர்து சீட்டா கேம்ப்பில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸுக்கு (மாலுமிகளின் பணி ஆவண அலுவலகம்) எழுதணும். சர்வீஸ் நம்பர், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) நகல் வைத்து, ஐயாவே கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் (10 ரூபாய், 30 நாள்) கேட்டாலும் அவர் பெயரில்தான் கேட்கணும். பேத்தி பெயரில் போனால் மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம் என்று திருப்பிவிட இடமிருக்கு.