'ஓமா' என்று முடிந்தால் கட்டிதானா?

கொக்குவில் பெடியன்:
உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். 'ஐற்றிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'ஓமா' என்று முடிந்தால் கட்டி என்று ரியூசனில் சேர் சொல்லித் தந்தார். போன கிழமை அம்மம்மாவின் கண் கிளினிக் கொப்பியைப் பார்த்தால் 'கிளோக்கோமா'. பெரிய ஆள் மாதிரி "கண்ணுக்குள் கட்டியாம்" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு அம்மம்மா புட்டைத் தொடவே இல்லை. பெரியம்மா நல்லூருக்கு நேர்த்தி வைத்துவிட்டா. ஆனால் கொடுத்தது வெறும் சொட்டு மருந்து. கட்டிக்குச் சொட்டு மருந்தா?

ஓய்வுபெற்ற மிஸி:
தம்பி, முதலில் போய்க் கட்டி இல்லை என்று அம்மம்மாவுக்குச் சொல்லும். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைப் பழுதாக்கும் வருத்தம் அது. சொட்டு மருந்து அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான். ஒரு நாளும் தவற விடக்கூடாது. கிரேக்கத்தில் 'கிளௌகோஸ்' நீலமும் சாம்பலும் கலந்த மாதிரி ஒரு நிறம். 'மா' வினையிலிருந்து பெயர் ஆக்கும் விகுதி, எங்கள் 'ஆடு, ஆட்டம்' மாதிரி. கட்டி என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியது. லைப்போமா கொழுப்புக் கட்டி, சரி. ஹீமற்றோமா சைக்கிளால் விழுந்தால் வருகிற இரத்தக்கட்டு. 'ஐற்றிஸ்' கதையும் இதேதான்: ஆர்த்ரைற்றிஸ் முதலில் 'மூட்டுக்குரிய' நோய். நோய் என்ற சொல் கழன்றுபோக வால் மட்டும் மிஞ்சியது. அழற்சி என்பது பிறகு வந்த பொருள்.

நான் வாட்டில் மாட்டுப்பட்டது வேறு வாலில். கொலெக்டமி, கொலொஸ்டமி. 'எக்டமி' வெட்டி வெளியே எடுப்பது; 'ஸ்டோமா' வாய். முதலாவதில் பெருங்குடலை எடுப்பார்கள், இரண்டாவதில் வயிற்றில் வாய் வைத்துப் பை மாட்டுவார்கள். வேலைக்குப் புதிதில் ஒரு ஐயாவின் மனைவிக்கு மாறிச் சொல்லிவிட்டேன். பையைக் கண்டதும் அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மானிப்பாயான்:
1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் எங்கள் ஊரில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். அந்த வழி தொடர்ந்திருந்தால் இந்த வால்களே தேவையில்லை.

ஓய்வுபெற்ற மிஸி:
கொப்பியில் டொக்டர் எழுதுவது இங்கிலிசில்தானே அண்ணை.

கொக்குவில் பெடியன்:
நன்றி மிஸி. அம்மம்மா இன்று இரண்டு தரம் சாப்பிட்டா. அப்புறம் ஒரு கேள்வியும் கேட்டா: "அப்ப உன்ரை மாமா எடுத்த டிப்ளோமா?"

ஓய்வுபெற்ற மிஸி:
அது மடித்த தாள்.